காப்பீட்டு அட்டை இல்லாத வீடு ஒன்றுகூட இருக்கக் கூடாது: ஏற்காட்டுக் கிராமங்களுக்கும் சேலம் வார்டுகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபித் தோட்டக் குடியிருப்பில் வீடுவீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தோம். மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டதும், ஓர் அம்மா, “அதெல்லாம் இருக்குதுங்க சார்” என்று உள்ளே போய், பரணில் இருந்த ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். குடும்ப அட்டை, ஆதார் நகல்கள், பேத்தியின் தடுப்பூசி அட்டை ஆகியவற்றோடு, ஓரம் பிரிந்துபோன காப்பீட்டு அட்டை ஒன்றும் அதில் பத்திரமாக இருந்தது. அது 2009ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய திட்டத்தின் அட்டை. அந்தத் திட்டம் முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகு வீட்டுக்கு வந்த மருமகளின் பெயரும் இரண்டு பேரக்குழந்தைகளின் பெயர்களும் எந்த அட்டையிலும் இல்லை. தம் குடும்பத்துக்குக் காப்பீடு இருக்கிறது என்றே அவர் இத்தனை காலமும் நம்பியிருந்தார்.

இப்படிப்பட்ட வீடுகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் தனியாகத் தெரிவதில்லை. திட்டம் இருக்கிறது, பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, தகுதியும் இருக்கிறது. ஆனால் எந்த வீட்டில் யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது என்ற பட்டியல் மட்டும் யாரிடமும் இல்லை. அந்தப் பட்டியலை எழுதி, கையில் வைத்துக்கொண்டு, விடாமல் பின்தொடர வேண்டிய இடம் உள்ளூர் சுகாதாரக் குழுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைக் கிராமத்துக்கும் நகர வார்டுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

திட்டத்தைப் பற்றி முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதம மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனாவுடன் அது இணைக்கப்பட்டது. அதிலிருந்து ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. இது குடும்பம் முழுவதற்குமான பொதுத் தொகையே தவிர, ஆளுக்கு 5 லட்சம் அன்று. காப்பீட்டுக் கட்டணத்தை அரசே செலுத்துகிறது. பயனாளி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை.

குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து, பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பழைய வரம்பின்போது திருப்பி அனுப்பப்பட்ட பலர், இன்னமும் தமக்குத் தகுதி இல்லை என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அத்தகையவர்களைக் குழு தேடிப் பிடிக்க வேண்டும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்திட்டம் பட்டியலில் உள்ள அறுவைச் சிகிச்சைகளுக்கும், உள்நோயாளிச் சிகிச்சைகளுக்கும், டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சைகளுக்கும், குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்கும் உரியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகள் இதில் வாரா. அவற்றுக்கு, வீட்டுக்கே மாத்திரையைக் கொண்டுவந்து தரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற தனித் திட்டம் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, “அட்டையைக் காட்டினேன், மாத்திரை தரவில்லை” என்று மனம் வெறுத்துப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: உங்கள் ஊரில் எந்தக் குழு பொறுப்பு என்று கண்டறிதல்

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், நாட்டிலேயே இவ்வகையில் முதலாவதாக வந்த சட்டம். ஊரின் சுகாதாரம் உள்ளாட்சியின் கடமை என்பதை அது அப்போதே சட்டமாக்கியது. இன்று அந்தக் கடமை பல குழுக்களாகப் பிரிந்து கிடக்கிறது.

ஏற்காடு ஒன்றியத்தில் ஏற்காடு, மஞ்சக்குட்டை, நாகலூர், செம்மநத்தம், வாழவந்தி, வேலூர், வெள்ளக்கடை, தலைச்சோலை, மாரமங்கலம் என ஒன்பது ஊராட்சிகள் உள்ளன. ஊராட்சி அளவில் செயல்பட வேண்டியது கிராம சுகாதார, குடிநீர், துப்புரவு மற்றும் ஊட்டச்சத்துக் குழு. கிராம சுகாதாரச் செவிலியர் அதன் முதுகெலும்பு. தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டத்தின்கீழ் இத்தகைய குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என நிபந்தனையற்ற நிதி வகுக்கப்பட்டது. வீடுவீடாகக் கணக்கெடுக்கவும், சுகாதார முகாம் நடத்தவும் அதைச் செலவிடலாம். பெரும்பாலான ஊர்களில் அந்தத் தொகை பிளீச்சிங் பவுடரோடு முடிந்துவிடுகிறது. கணக்கெடுப்புக்கும் அதில் இடம் உண்டு என்பதைக் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்களும் 60 வார்டுகளும் உள்ளன. இங்கே மாமன்றத்தின் பொது சுகாதார நிலைக்குழு, மாநகர் நல அலுவலர், வார்டு குழு, அதன்கீழ் பகுதி சபை என்ற வரிசை. பகுதி சபையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு தெருவின் நிலையைச் சொல்வதற்கு மாமன்றத்தைவிட அதுவே பொருத்தமான இடம்.

மாவட்ட அளவில் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்ட நலவாழ்வுச் சங்கமும், ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் நோயாளர் நலச் சங்கமும் உண்டு. இவை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இரண்டாம் படி: பட்டியல் எழுதுதல்

ஒரு நீளமான நோட்டு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடும்ப அட்டையில் உள்ள பெயர்களை ஒரு பக்கத்திலும், அந்த வீட்டில் உண்மையில் வாழ்பவர்களின் பெயர்களை இன்னொரு பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நீங்கள் செய்ய வேண்டிய வேலையின் அளவு. புதிதாக வந்த மருமகள், பிறந்த குழந்தை, பிரிந்துபோன தம்பி குடும்பம், மகள் வீட்டில் தங்கிவிட்ட பாட்டி ஆகியோர்தான் பெரும்பாலும் விட்டுப்போகிறார்கள்.

காப்பீட்டு அட்டையைக் கண்ணால் பாருங்கள். “இருக்கிறது” என்ற சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள். எந்தத் திட்டத்தின் அட்டை, யார் யார் பெயர் உள்ளது என்பதைக் கையில் வாங்கிப் படித்து எழுத வேண்டும். மஞ்சக்குட்டை வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டது இதைத்தான்.

மலையில் கணக்கெடுக்கும்போது காபிப் பழம் பறிக்கும் பருவத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும். அந்த மாதங்களில் பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மாலை ஐந்தரைக்கு மேல்தான் ஆள் கிடைக்கும். சேலத்தில் பனங்காடு, சிவதாபுரம் பகுதியின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் வேலை செய்பவர்களையோ, அம்மாப்பேட்டையில் தறி ஓட்டுபவர்களையோ வீட்டில் தேடுவதைவிடப் பட்டறைக்கே போவது நல்லது. கூலி வேலை செய்பவருக்கு அரை நாள் இழப்பு என்பது சிறிய விஷயம் அன்று.

பட்டறைக்குப் போனால் இன்னொன்றையும் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமா? அப்படியானால், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டு உரிமை இருக்கக்கூடும். தொழிலாளி 0.75 விழுக்காடும், முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்தும் அந்தக் காப்பீட்டில் மருத்துவத்தோடு, நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கான தொகையும் உண்டு. நான்கைந்து பேர் உட்கார்ந்து பொடி வைத்து ஊதிக் கொலுசைப் பற்றவைக்கும் சிறு பட்டறைகள் இந்த எண்ணிக்கைக்குள் வருவதில்லை. ஆகவே அவர்களுக்கு முதலமைச்சர் காப்பீடே துணை. அவர்களின் பெயர்களை உங்கள் பட்டியலில் முதலில் எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஆவணங்களைச் சரிசெய்தல்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. அட்டை கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வறுமை வரம்போ அதிகாரியோ அன்று. ஓர் எழுத்துப் பிழையாகவே இருக்கும்.

தேவையானவை மூன்று: குடும்ப அட்டை, குடும்பத்தினரின் ஆதார் அட்டைகள், வருமானச் சான்று. இவற்றில் குடும்ப அட்டையே அடித்தளம். திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது பயனாளி, அவருடைய சட்டப்பூர்வமான கணவர் அல்லது மனைவி, அவரைச் சார்ந்த பிள்ளைகள், சார்ந்துள்ள பெற்றோர் ஆகியோரைக் குறிக்கும். அவர்கள் பெயர் குடும்ப அட்டையில் இருக்க வேண்டும்.

மருமகள் பெயரைச் சேர்ப்பதில் ஏற்படும் தாமதத்தை எடுத்துக்கொள்வோம். அவர் பெயர் தாய்வீட்டு அட்டையில் இருக்கும்வரை இங்கே சேராது. எனவே அங்கே நீக்கி, பிறகு இங்கே சேர்க்க வேண்டும். இரண்டையும் இ-சேவை மையத்திலோ இணையத்திலோ செய்யலாம். வட்ட வழங்கல் அலுவலகம் ஒப்புதல் தர வேண்டும். தாய்வீடு தருமபுரிப் பக்கமோ கல்வராயன் மலைப் பக்கமோ இருந்தால், அங்குள்ளவர்கள் நீக்க மனம் வைக்க வேண்டும். அட்டையில் ஒரு பெயர் குறைந்தால் அரிசி குறையுமே என்று அவர்கள் தள்ளிப்போடுவது இயல்பு. அந்த வீட்டுப் பெரியவரிடம் குழுவில் ஒருவர் தொலைபேசியில் பேசி, காப்பீட்டின் தேவையை எடுத்துச் சொன்னால் பல இடங்களில் காரியம் நடந்துவிடுகிறது.

அடுத்தது ஆதார். ஆதாரில் முதலெழுத்து முன்னால் இருக்கும். குடும்ப அட்டையில் அது இருக்காது. இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் மூத்தவர்கள் பலருக்குப் பிறந்த தேதி தோராயமாக எழுதப்பட்டிருக்கும். இரண்டு ஆவணங்களில் இரண்டு வயது இருக்கும். விரல் ரேகை பதியாதது இன்னொரு தொல்லை. வெள்ளி உருக்குபவர்களுக்கும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்களுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். அவர்களுக்குக் கருவிழிப் பதிவு உள்ள மையத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். முகாம் நாளன்று இதைக் கண்டுபிடித்தால், மலையிலிருந்து வந்தவர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பின்னரே வரும். எனவே பெயர் திருத்தத்துக்குக் காத்திருக்கும் நாள்களிலேயே இதற்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். வருமானத்தைக் குறைத்துச் சொல்லும்படி யாருக்கும் யோசனை கூறாதீர்கள். வரம்புக்குள் இருப்பவர்களே இன்னும் எத்தனையோ பேர் விட்டுப்போயிருக்கும்போது, அதற்கு அவசியமே இல்லை.

நான்காம் படி: சபையில் தீர்மானம்

பட்டியல் தயாரானதும் அதைக் கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டும். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் அது கூட வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கும் மலை ஊராட்சியில் இது எளிதன்று. ஆகவே உங்கள் பட்டியலில் உள்ள குடும்பங்களையே அழைத்து வாருங்கள்.

தீர்மானத்தைப் பொதுவாக எழுதினால் அது பதிவேட்டிலேயே உறங்கிவிடும். எண்ணிக்கை, பொறுப்பாளர், கெடு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். கீழ்க்கண்டவாறு எழுதலாம்:

“இவ்வூராட்சியில் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் (எண்ணிக்கை) என்றும், அட்டை இருந்தும் பெயர் விடுபட்ட உறுப்பினர்கள் (எண்ணிக்கை) என்றும் சுகாதாரக் குழுவின் கணக்கெடுப்பில் தெரியவருகிறது. பெயர்ப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இவர்களுக்காக இவ்வூராட்சியிலேயே பதிவு முகாம் நடத்தித் தருமாறு மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்ளவும், அதற்கு முன் ஆவணங்களைத் திருத்தும் பணியைச் சுகாதாரக் குழு மேற்கொள்ளவும், அடுத்த கிராம சபையில் முன்னேற்றத்தை அறிக்கையாக வைக்கவும் இச்சபை தீர்மானிக்கிறது.”

தீர்மானம் பதிவேட்டில் ஏறியதைக் கூட்டம் கலைவதற்குள் படித்துப் பாருங்கள். நகலை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். நகரத்தில் இதே வாசகத்தைச் சிறிது மாற்றிப் பகுதி சபையிலும், வார்டு குழு வழியாக மாமன்றத்திலும் வைக்கலாம்.

ஐந்தாம் படி: பதிவு நாள்

அட்டைக்கான பதிவு மையம் ஆட்சியர் அலுவலகத்தில் இயங்குகிறது. நகரவாசிகளுக்கு அது ஒரு பேருந்துத் தொலைவு. மாரமங்கலத்திலிருந்து வருபவருக்கோ, ஏற்காடு வந்து, இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, சேலம் சேர்ந்து திரும்புவதற்கு ஒரு முழு நாளும் கூலியும் போகும். அதனால்தான் முகாமை மேலே கொண்டுவர வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கலைஞரின் வருமுன் காப்போம் திட்டம் 2021 செப்டம்பர் 29 அன்று நம் மாவட்டத்தின் வாழப்பாடியில்தான் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்கள் தொடங்கின. இத்தகைய முகாம்களில் காப்பீட்டுப் பதிவுக்கும் இடம் உண்டு. உங்கள் ஒன்றியத்தில் அடுத்த முகாம் எப்போது என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் காலையில் நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்றும், தடையில்லா மின்சாரமும், இணைய இணைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புகைப்படம் எடுப்பதற்கும் ஆதார் சரிபார்ப்பதற்கும் ஆள் நேரில் வர வேண்டும் என்பதால் முதியவர்களை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பதிவானதும் அட்டை எண்ணை உங்கள் நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்து அட்டையைத் தேட முடியாமல் போகும்போது, அந்த நோட்டிலிருந்து எண்ணைப் படித்துச் சொல்லலாம்.

ஆறாம் படி: மருத்துவமனையில்

அட்டை எல்லா மருத்துவமனைகளிலும் செல்லாது. திட்டத்தில் சேர்ந்தவற்றில் மட்டுமே செல்லும், அதுவும் அங்கே அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு மட்டுமே. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 425 3993. அழைத்து, இந்த நோய்க்குச் சேலத்தில் எந்த மருத்துவமனை என்று கேட்ட பிறகு கிளம்புவது நல்லது. சேர்ந்தவுடன் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய் அட்டையைக் காட்ட வேண்டும். மருத்துவமனை காப்பீட்டு நிறுவனத்துக்கு முன் அனுமதி கேட்டு அனுப்பும். அனுமதி வந்த பிறகே சிகிச்சை திட்டத்தின் கணக்கில் ஏறும். முதலில் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் வழி இதில் இல்லை என்பதை உறவினர்கள் அனைவருக்கும் சொல்லி வையுங்கள்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எப்படியும் இலவசம்தானே, அங்கே அட்டை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அங்கே அட்டையைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஏனென்றால் அரசு மருத்துவமனையும் இத்திட்டத்தின் பட்டியலில் உள்ளது. அட்டைக்குச் செய்த சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. கருவிகள் வாங்கவும் வசதிகளைப் பெருக்கவும் பயன்படுகிறது. ஏழை நோயாளி ஒருவர் அட்டையைப் பையிலேயே வைத்துக்கொண்டால், அவருக்கு அடுத்து வருபவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரு கருவி தள்ளிப்போகிறது. நோயாளர் நலச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள், காப்பீட்டின் வழியாக எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும்.

மலைப்பாதை விபத்துகளுக்குத் தனி வழி உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அட்டை தேவையில்லை, வருமானமும் ஊரும் கேட்கப்படுவதில்லை. 108க்கு அழைத்து, திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பணம் கேட்டால்

எங்கள் பட்டியலில் இருந்த தறித் தொழிலாளி ஒருவரிடம், நகரத்தின் ஒரு தனியார் மருத்துவமனையில் அனுமதி கிடைத்த பிறகும், “இது தனி, அது தனி” என்று பல ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். ரசீது தரவில்லை. அவர் மனைவி காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். எங்களுக்குத் தெரியவந்தபோது வீடு திரும்பி இரண்டு வாரங்கள் ஆகிவிட்டிருந்தன. ரசீது இல்லாததால் எதையும் நிறுவ முடியவில்லை. அந்த அம்மாவின் காதில் வேப்பங்குச்சி செருகியிருந்ததை இப்போது நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

அதிலிருந்து நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறை இது. திட்டத்தின்கீழ் சேர்ந்த நோயாளியிடம் பணம் கேட்டால் கொடுக்கும் முன்பே குழுவுக்குச் சொல்ல வேண்டும். எதற்கு என்று எழுதிக் கேட்க வேண்டும். வேறு வழியின்றிக் கட்ட நேர்ந்தால் ரசீது வாங்காமல் கட்டக் கூடாது. அன்றே 1800 425 3993 எண்ணில் புகாரைப் பதிந்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்பு மற்றும் குறைதீர் குழுவுக்கு எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். மனுவில் கோபத்துக்கு இடம் வேண்டாம்: அட்டை எண், சேர்ந்த நாள், அனுமதி வந்த நாள், கேட்ட தொகை, கேட்டவரின் பதவி ஆகியவை இருந்தால் ஒரு பக்கம் போதும்.

எட்டாம் படி: நோட்டை மூடாமல் வைத்திருத்தல்

ஒருமுறை எல்லோருக்கும் அட்டை வாங்கிக் கொடுத்துவிட்டால், இரண்டே ஆண்டுகளில் பட்டியல் மீண்டும் பழையதாகிவிடும். குழந்தை பிறக்கும், திருமணம் நடக்கும், குடும்பம் பிரியும். ஆகவே கிராம சுகாதாரச் செவிலியரின் கர்ப்பிணிப் பதிவேட்டையும் உங்கள் நோட்டையும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறப்புச் சான்று வாங்கிய கையோடு குடும்ப அட்டையில் குழந்தையின் பெயரைச் சேர்க்கும்படி சொல்லுங்கள்.

மஞ்சக்குட்டை அம்மாவின் வீட்டில் பெயர் நீக்கம், சேர்ப்பு, வருமானச் சான்று எல்லாம் முடிய ஐந்து மாதங்கள் ஆயின. புதிய அட்டை வந்த அன்று, பழைய அட்டையை என்ன செய்வது என்று அவர் கேட்டார். இரண்டும் ஒரே பையில் இருந்தால் அவசரத்தில் கை மாறிவிடும் என்பதால் அதை எங்களிடமே கொடுக்கச் சொல்லி வாங்கி, நோட்டில் அவர் வீட்டுப் பக்கத்தில் ஒட்டி, மேலே “செல்லாது” என்று எழுதி வைத்தோம்.